மருந்துச் சீட்டோடு கடமை முடியுமா?

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளின்ட் என்றொரு நகரம். ஏழைகளும் கறுப்பின மக்களும் மிகுந்த ஊர். செலவைக் குறைக்க 2014-இல் ஆற்று நீரைக் குழாயில் விட்டார்கள். குழாய் அரிக்காதிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயம் நீரில் கலந்தது.

குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, அதிகாரிகளை நம்பி, ‘தண்ணீர் நல்லதுதான்’ என்று தாய்மார்களிடம் கூறி வந்தவரே. ஐயம் எழுந்ததும் இரத்தப் பரிசோதனைக் கணக்குகளைத் திரட்டினார். ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஈயம் மிகுந்தவர்கள் நூற்றுக்கு 2.4-லிருந்து 4.9 ஆகியிருந்தனர். 2015 செப்டம்பரில் பகிரங்கமாகச் சொன்னார். அதிகாரிகள் மறுத்தனர், அவர் பின்வாங்கவில்லை. அக்டோபரில் பழைய நீரே திரும்பியது.

ஈயத்தால் கெட்ட மூளையை மருந்து மீட்காது. வருமுன் தடுப்பதே வைத்தியம். தாய் நம்பி ஒப்படைக்கும் குழந்தை அமானிதமன்றோ? நாம் சொன்ன சொல் தவறெனத் தெரிந்தால், அதைத் திருத்த முன்வருகிறோமா?