செவியிரைச்சலும் நாத தத்துவமும்

புறத்தே ஒலி யாதும் இல்லாதவழியும் வண்டின் முரற்சிபோலவும் சீழ்க்கைபோலவும் ஓர் இரைச்சல் தம் செவியுள் இடையறாது கேட்கப்பெறுவார் பலர். அவருட் சிலர், யோகநூல் கூறும் நாதம் இதுவே எனக் களித்து மருத்துவத்தைக் கைவிடுகின்றனர். ஆயுள்வேத நூலார் இந்நோயைக் கர்ணநாதம் என வழங்கியதும் அம்மயக்கத்திற்கு இடந்தருவதாம். ஆகலின், இரண்டன் வேறுபாட்டையும் ஈண்டு ஆராய்வாம்.

உட்செவியில் நத்தை ஓடுபோற் சுருண்ட ஓர் உறுப்பு உளது. அதன்கண் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் அணுக்கள் ஒலியை ஏற்று நரம்பின்வழி மூளைக்கு உணர்த்துகின்றன. பேரொலியாலும் மூப்பாலும் சில மருந்துகளாலும் அவை அழியின் மக்கட்கு மீண்டும் தோன்றா. வரவேண்டிய ஒலி குறையவே, மூளை தன் உணர்திறனை மிகுத்துக்கொள்ள, இல்லாத ஒலி உள்ளதுபோல் எழும் என்பர் இக்கால மருத்துவர். செவியழுக்கு அடைத்தலும் ஒரு காரணமாம். ஊரடங்கிய இரவில் இது மிகுந்து தோன்றித் துயிலைக் கெடுக்கும்.

நாதமோ சுத்தமாயையின் முதற் காரியம். சிவதத்துவம் ஐந்தனுள் ஒன்று. செவியோ ஆன்மதத்துவம் 24-னுள் அடங்குவது. செவியின் பழுதைச் சிவதத்துவம் எனல் யாங்ஙனம் பொருந்தும்? திருமந்திரம் மூன்றாந் தந்திரத்துட் கூறப்பட்ட பத்து ஒலிகளும் மனம் ஒருங்கிய யோகியர் கேட்பன. இவ்விரைச்சலோ மனத்தை ஒருங்கவிடாது அலைப்பது.

அற்றேல், ஒருவர் கேட்பது மெய்ந்நாதமேயாயின் என்னை எனின், அதுவும் மாயாகாரியமாதலின் சடமே என்க. கேட்கப்படுவது வேறு; கேட்கும் உயிர் வேறு; உயிரைக் கேட்பிக்கும் முதல்வன் வேறு. அவன் நாதமுங் கடந்து நிற்பவன்.

இவ்வுண்மை துன்புறுவார்க்கும் துணையாவது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. இரைச்சலையே அஞ்சி நோக்கியிருப்பின் அதுவே பெருகும். திருமுறை இன்னிசையையும் திருவைந்தெழுத்தையும் சாரின், இரைச்சல் ஒழியாவிடினும் உயிர் அதன்வயப்படாது.

அங்ஙனமாயினும், வினைப்பயனென்று வாளா இருத்தல் தகாது. உடம்பு இறைவன் தந்த கருவி. ஒரு செவி திடீரெனக் கேளாதாயினும், நாடித்துடிப்போடு ஒத்து இரைச்சல் எழினும் அன்றே மருத்துவரை நாடுக. திருக்கோயில்களில் மின்பொறி முரசினையும் ஒலிபெருக்கியையும் அடியார் செவி பொறுக்கும் அளவில் அமைத்தல் நம்மனோர் கடன். சிவன் புகழ் கேட்டற்கென அமைந்த செவியை அவன் சந்நிதியிலே நாமே கெடுத்தல் சிவத்தொண்டாமோ?

திருச்சிற்றம்பலம்.