பருந்தின் வழக்கு

கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையின் மணிக்கூண்டில் குடியிருக்கும் இராஜாளிகளை, அங்கே பொழுது விடிகிற நேரத்தில், இங்கே பாலக்காட்டுக் கல்பாத்தியில் சந்தியா விளக்கு ஏற்றிய கையோடு கண்டு களிக்கலாம் என்பது இக்காலத்தில் ஓர் அதிசயமன்று. பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு அவர்கள் முகத்தைக் கைப்பேசியில் காணப் பழகிய பெற்றோர் சிலர், அதே கைப்பேசியில் அந்த ஊர்ப் பறவையின் குடும்பத்தையும் காணப் பழகிவிட்டார்கள். முட்டை உடைந்த வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்ளும் வீடுகள் அவை. ஆனால், தாய்ப்பறவை ஒரு புறாவைக் காலடியில் அழுத்திப் பிடித்துச் சிறகைப் பறித்து எறிந்து, சதையைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்துக் குஞ்சுகளின் அலகில் வைக்கிறபோது, "ஐயோ பாவம், கடைக்குட்டிக்கு இன்னும் ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லையே" என்று அந்த வீடுகளிலிருந்துதான் குரல் எழுகிறது. இரக்கம் அங்கே இருக்கிறது, சந்தேகமில்லை. அந்த இரக்கத்தின் லட்சணம் என்ன, அதை ஜீவகாருண்யம் என்று சொல்லத் தகுமா என்பதே நான் விசாரிக்க விரும்பும் விஷயம்.

பறவையைப் பற்றி முதலில் சிறிது சொல்லிவிட வேண்டும். இராஜாளி கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறையின் விளிம்பில் கிடக்கும் சரளையை நெஞ்சாலும் காலாலும் குழித்து அதிலேயே முட்டையிட்டு, ஏறக்குறைய முப்பத்து மூன்று நாள் அடைகாக்கிறது. ஆணைவிடப் பெண் பெரியது. பறக்கும் பறவையை மேலிருந்து பாய்ந்து அடிப்பதே அதன் தொழில். பாய்கையில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் அதன் வேகத்துக்கு ஈடாக வேறொரு பிராணி இல்லை. மனிதன் நகரங்களில் கல்லாலும் சிமெண்டாலும் உயர்ந்த கட்டடங்களை எழுப்பி, அவற்றின் இடுக்குகளில் புறாக்களையும் பெருக்கி வைத்தபோது, பாறையும் இரையும் ஒரே இடத்தில் சித்தமாக இருக்கக் கண்டு அது குடியேறிற்று. நம் நாட்டில் நிலையாக வாழும் இனத்துக்கு ஷாஹீன் என்று பெயர்; மார்பும் வயிறும் செம்மை படர்ந்தது. அதற்கு இன்றும் மலைப்பாறையே வீடு. நெல்லியாம்பதியின் சீதார்குண்டு முனையில் நின்று கொல்லங்கோட்டு வயல்களைக் கீழே நோக்குகிறவனுக்கும், இடுக்கியில் மறையூரைச் சூழ்ந்த கற்சரிவுகளை அண்ணாந்து நோக்குகிறவனுக்கும், இப்பறவைக்கு ஏன் அத்தகைய இடம் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். அத்தகைய பாறைகளில் பிறந்து இறக்கும் குஞ்சுகளுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

பெர்க்லியிலோ பெயர்கள் உண்டு. 2017 முதல் அங்கே கூடு கொண்ட பெண்ணுக்கு ஆனி என்றும், அதன் துணைக்கு கிரின்னல் என்றும், அந்தச் சர்வகலாசாலையின் விலங்கியல் அருங்காட்சிசாலையோடு தொடர்புடைய பெரியோர்களின் நினைவாகப் பெயர் இட்டார்கள். 2022 மார்ச் 31 அன்று கிரின்னல் தெருவில் இறந்து கிடந்தது. உலகமெங்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் துக்கம் கொண்டாடத் தொடங்குமுன்பே, சில மணி நேரத்துக்குள், வேறோர் ஆண் பறவை கூட்டுக்கு வந்து சேர்ந்தது. அது முட்டைகளைக் காப்பதற்கும் முற்பட்டது. ஆனி அதை ஏற்றுக்கொண்டது. பார்த்தவர்களில் சிலருக்கு இது மனத்தாங்கலாகவே இருந்திருக்கும். பதிவிரதா தர்மத்தை இராஜாளியிடம் எதிர்பார்த்தது யார் பிழை என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இந்தப் பறவையின் வழக்கு நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. மகாபாரதத்தின் வனபர்வத்தில், பருந்துக்கு அஞ்சிய புறா ஒன்று அரசன் மடியில் வந்து விழுகிறது. ஓரிடத்தில் அவனை உசீநரன் என்றும், மற்றோரிடத்தில் அவன் மகன் சிபி என்றும் சொல்லியிருக்கிறது. அந்தச் சிபியின் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டே சோழர்கள் செம்பியர் எனப் பெயர் பூண்டார்கள். ஆகையால் தமிழனுக்கு இக்கதை அயலார் வீட்டுக் கதையாகாது. நாம் அக்கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது, அரசன் தன் தொடையை அரிந்து தராசில் வைத்ததை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, பருந்து பேசியதை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மூலத்தில் அப்படி இல்லை. அங்கே பருந்து கை தேர்ந்த வக்கீலைப்போல் வாதாடுகிறது. இந்தப் புறா எனக்கு விதிக்கப்பட்ட ஆகாரம். இதை நீ தடுத்தால் நான் மடிவேன். நான் மடிந்தால் என் மனைவியும் மக்களும் மடிவார்கள். ஓர் உயிரைக் காப்பதற்காகப் பல உயிரை வதைக்கிறாய். ஒரு தர்மத்துக்கு இடையூறாக நிற்கும் தர்மம் தர்மமே அன்று என்று அது சொல்லும் நியாயத்தை அரசன் மறுக்கவில்லை, மறுக்கவும் இயலாது. அவன் வேறு இறைச்சி தருவதாகச் சொல்லிப் பார்க்கிறான். பருந்து அதற்கும் இசையவில்லை.

மாற்றுப் பொருள் தேடும் இந்த உபாயம் நமக்கு மிகவும் பிரியமானது. பாரதப்புழையின் கரைப்பக்கத்தில், பாலக்காட்டு எல்லைக்கு வெகு அருகிலுள்ள பாஞ்ஞாள் கிராமத்தில், 1975 ஏப்ரலில் நம்பூதிரிகள் பன்னிரண்டு நாள் அதிராத்திர யாகம் செய்தார்கள். பறக்கும் இராஜாளியின் வடிவில் செங்கல் அடுக்கிய வேதி அமைத்துச் செய்த அந்த யாகத்தைப் பிரிட்ஸ் ஸ்டால் என்னும் அறிஞர் முன்னின்று படமும் பிடிப்பித்தார். ஆடுகளைப் பலியிடுவதற்கு எதிர்ப்பு கிளம்பவே, அரிசி மாவை வாழையிலையில் பொதிந்து ஆட்டின் ஸ்தானத்தில் வைத்தார்கள். திருக்கழுக்குன்றத்திலும் வெகுகாலம் மலைமேல் கழுகுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டி, அதைத் தரிசனமாகக் கண்டு வந்தார்கள். அந்தக் கழுகுகளும் உண்டன. மனிதனுக்கு மாவு ஆடாகலாம்; செத்ததைத் தின்னும் கழுகுக்குப் பொங்கலும் ஒத்துக்கொள்ளலாம். இராஜாளிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அது கொன்றாலன்றி அதன் குஞ்சு பிழைக்காது.

ஆகவே அரசன் முன் இருந்தவை இரண்டே: புறாவைக் கொடுத்துவிடுவது, அல்லது பருந்தைச் சாகவிடுவது. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து, மற்றதை மறந்திருப்பது எல்லா அரசர்களும் செய்வது. 1940இல், யுத்த காலத்தில், பிரிட்டிஷ் அரசாங்கம் அதைத்தான் செய்தது. விமானப்படையின் செய்திகளைச் சுமந்து வரும் புறாக்களை இராஜாளிகள் அடிக்கின்றன என்று, கரையோரப் பாறைகளில் அவற்றைச் சுட்டுக் கொல்லச் சட்டம் பிறப்பித்தார்கள். ஏறத்தாழ அறுநூறு பறவைகள் மாண்டன. அதன்பின் டிடிடி என்னும் பூச்சிமருந்து வந்தது. அந்த விஷம் இரையின் உடல் வழியே ஏறி முட்டையோட்டை மெலியச் செய்ய, அடைகாக்கும் தாயின் எடையே முட்டையை நொறுக்கிற்று. 1960களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கொள்ளும் இராஜாளியே இல்லாமற்போயிற்று. 1972இல் அந்நாடு அம்மருந்தைத் தடுத்து, கூண்டில் வளர்த்த குஞ்சுகளைப் பாறைகளிலும் கட்டடங்களிலும் விட்டு அவற்றை மீட்டது. புறாவின் பட்சத்தில் நின்று சுட்ட மனித இனம் ஒரு தலைமுறைக்குள் பருந்தின் பட்சத்துக்கு மாறிக் கூட்டுக்குக் காமிராவும் வைத்தது. இரண்டு சமயத்திலும் தன் நெஞ்சு கனிந்திருந்ததாகவே அது எண்ணியிருக்க வேண்டும்.

காமிரா எங்கே வைக்கப்பட்டிருக்கிறதோ அங்கே நம் கருணை போய் உட்கார்ந்துகொள்கிறது. அடிபட்டு வந்த புறாவுக்கும் ஏதோ ஒரு கட்டடத்தின் இறவாணத்தில் கூடு இருந்திருக்கும். புறாவின் குஞ்சு, தாயும் தந்தையும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பாலால் வளர்வது. அவற்றுள் ஒன்று திரும்பாதபோது அங்கே என்ன நேர்ந்தது என்பதை நாம் பார்க்கவில்லை, ஆதலால் அது நேரவில்லை. அந்த இறவாணத்தில் காமிராவை வைத்திருந்தால், இதே கல்பாத்தி வீடுகள் இராஜாளியை ராட்சசன் என்று சபித்திருக்கும். பாலக்காட்டு நகரத்தின் மேற்கே ஜைனமேடு என்ற இடத்தில், கேரளத்தில் அருகிப்போன ஜைன சமயத்தின் சின்னமாகச் சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் பழைய கோயில் ஒன்று நிற்கிறது.  ஒவ்வொரு பார்வையும் ஒரு நயம், அதாவது பொருளின் ஒரு புறத்தை மட்டும் தொடுவது. அதை முழுமை என்று கொள்வதே அஞ்ஞானம் என்பது அச்சமயத்தாரின் கொள்கை. உயிர்க்கொலையை அவர்களளவு அஞ்சியவர்கள் இல்லை. அப்படி அஞ்சியவர்களே பார்வையின் குறையைப் பற்றியும் இத்தனை கவலைப்பட்டது தற்செயலாக நேர்ந்ததென்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு வேதாந்தம் கற்றவர் ஒரு சமாதானம் சொல்லக்கூடும். முண்டக உபநிஷத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று கனியை உண்கிறது, மற்றொன்று உண்ணாமல் பார்த்திருக்கிறது. பார்த்திருப்பதே மேலான நிலை, சாக்ஷியின் நிலை. திரைக்கு முன் அமர்ந்து கொலையையும் பிறப்பையும் சமமாகக் காண்கிறவனும் அந்த இரண்டாவது பறவையைப் போன்றவன்தானே என்பார். நான் இதை ஒப்பமாட்டேன். சாக்ஷிக்குப் பட்சமில்லை, நம்மவர் கடைக்குட்டிக்காகத் தவிக்கிறார்கள். சாக்ஷிக்குப் பலனில்லை, நம்மவர் மாலைப்பொழுதைச் சுகமாகக் கழிக்கிறார்கள். உண்மையில் அவர்கள் உண்ணும் பறவையே. உண்பது கனியாக இல்லாமல் காட்சியாக இருக்கிறது. அதில் பாவம் இருப்பதாக நான் சொல்லவில்லை. அதற்கு ஞானத்தின் பெயரைச் சூட்டவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

தூரத்துப் பறவையை விட்டு நம் மலைக்கே வருவோம். இடுக்கி ஜில்லாவில் சின்னக்கானல் பக்கத்துக் காட்டானை ஒன்று அரிசிக்கு ஆசைப்பட்டு வீடுகளையும் கடைகளையும் உடைத்ததனால் அரிக்கொம்பன் எனப் பெயர் பெற்றது. பன்னியார் எஸ்டேட்டில் தோட்டத் தொழிலாளிகள் பங்கீட்டு அரிசி வாங்கும் ரேஷன் கடையை அது பல முறை இடித்தது. அந்தத் தொழிலாளிகளில் நம் தமிழர் பலர். 2023 ஏப்ரல் 29 அன்று வனத்துறையார் மயக்க ஊசி செலுத்தி, கும்கிகளைக் கொண்டு லாரியில் ஏற்றிப் பெரியாற்றுக் காட்டுக்குக் கொண்டுபோனதைக் கேரளம் முழுவதும் தொலைக்காட்சியில் நேரடியாகக் கண்டது. கண்டவர்களில் பலர் அழுதார்கள். யானைக்காக உண்மையாகவே உருகிய நெஞ்சங்கள் அவை. அந்த யானை நடக்கும் வழியில்தான் 301 காலனியில் ஆதிவாசிக் குடும்பங்கள் இரவில் விழித்திருந்தன என்பதைக் காமிரா அவ்வளவாகக் காட்டவில்லை. லாரியில் சங்கிலியிட்ட யானையைக் காட்டுவதற்கும், இருட்டில் பயந்து அமர்ந்திருக்கும் கிழவியைக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் படம் பிடிக்கிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

யானையைப் பிடிப்பதற்குச் சில வாரம் முன்பு உயர்நீதிமன்றம் அதைப் பறம்பிக்குளத்தில் விடச் சொன்னபோது, பாலக்காட்டு ஜில்லாவில் முதலமடைக்காரர்கள் எங்கள் பக்கம் வேண்டாம் என்று கிளர்ந்து எழுந்தார்கள். நகரத்தில் இருந்து யானையை நேசித்தவர்கள் அவர்களைக் கருணையற்றவர்கள் என்று தூற்றினார்கள். பெரியாற்றில் விட்ட யானையோ மே மாதக் கடைசியில் கம்பம் நகரத் தெருவில் வந்து நின்றது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை அதை மறுபடியும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பிற்று. முதலமடைக்காரர்களை நான் குறைகூறமாட்டேன். அவர்கள் பருந்தின் நியாயத்தையும் புறாவின் நியாயத்தையும் கேட்டறியாதவர்கள் அல்லர். தராசில் ஏறச்சொன்னபோது ஏற மறுத்தவர்கள். ஏறு என்று சொன்னவர்களோ தங்களுடையதில் ஒரு துண்டையும் அதில் வைத்தவர்கள் அல்லர். சிபியை அரசனாக்கியது அவன் புறாவின்மேல் வைத்த இரக்கமன்று. அது எவனுக்கும் வரும். பருந்து சொன்ன கணக்கை ஒப்புக்கொண்டு, அந்தக் கடனை மூன்றாமவன் தலையில் கட்டாமல் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டான். கைப்பேசிக்கு முன்னால் இருப்பவனுக்கு அப்படிக் கடன் தீர்க்க வழியேதும் இல்லை. பெர்க்லியின் புறாவுக்கு அவன் கொடுக்கக்கூடியது ஒன்றுமில்லை. பன்னியார் ரேஷன் கடையின் அரிசிக்கும், 301 காலனியின் இடிந்த சுவருக்கும் கொடுக்கக்கூடியது அவனிடம் உண்டு. அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை, அவனும் தானாக முன்வந்து கொடுத்ததாகத் தெரியவில்லை.