யாருடைய சின்னம்?

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற வழியில் ஒரு திராட்சைப் பந்தலின் நிழலில், கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து ஒரு நாள் முழுவதும் நான் ஒரு வழக்கை விசாரித்தேன். வாதி, தோட்டத்துக்குச் சொந்தக்காரரான என் பள்ளித் தோழர். பிரதிவாதி, தேனியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ஓர் இளம் சித்திரக்காரர். கதை எழுதுகிறவனுக்கு நியாயம் தெரிந்திருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பாவம்!

2023-ஆம் ஆண்டு கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் என் நண்பருக்கு ஓர் ஆசை. தம் தோட்டத்துப் பெட்டிகளுக்கென்று தனியாக ஒரு சின்னம் வேண்டும். இப்போது அதற்கு 'லோகோ' என்று பெயராம். சித்திரக்காரர் ஒரு கொத்துத் திராட்சையை வரைந்து கொண்டுவந்தார். கொத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அணை எங்கே?" என்றார் நண்பர்.

அணை வேண்டுமாம். அதன் பக்கத்தில் பென்னிகுயிக் துரையின் முகம் வேண்டுமாம். ஓரமாகச் சுருளி அருவி, கீழே தகப்பனார் பெயர். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதேப்பா. அந்த மனுஷன் அணையைக் கட்டலைன்னா இங்கே கொடி ஏது, கொத்து ஏது? தை பிறந்தா அவருக்குப் பொங்கல் வைக்கிற ஊரு இது. பெட்டியிலே ஓர் இடம் கொடுக்கக் கூடாதா?"

என் சிரிப்பு அடங்கிவிட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895-இல். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நன்றி வற்றவில்லை. அதைக் கேலி செய்ய நான் யார்?

சித்திரக்காரரும் லேசானவர் அல்லர். "அண்ணே, விடியக்காலம் மூணு மணிக்கு லாரியிலிருந்து பெட்டி இறக்குறவர் அரை நிமிஷம்கூடப் பார்க்க மாட்டார். அந்த இருட்டிலே துரையோட மீசையைத் தேடச் சொல்றீங்களா?"

எனக்கு அவர் பக்கம் மனம் சாய்ந்தது. எங்கோ படித்த ஒரு கதையை எடுத்துவிட்டேன். 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தம்முடைய நெக்ஸ்ட் நிறுவனத்துக்குச் சின்னம் வேண்டுமென்று பால் ராண்ட் என்ற முதிய கலைஞரிடம் போனார். நாலைந்து மாதிரிகள் காட்டுவீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றார் ராண்ட். ஒன்றே ஒன்று தருவேன். பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். கூலியை மட்டும் கொடுத்துவிட வேண்டும் என்றார். கூலி ஒரு லட்சம் டாலர். ஜாப்ஸ் கொடுத்தார்.

கலைஞன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெருமிதத்தோடு முடித்தேன். சித்திரக்காரர் மகிழ்ந்து போவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் சொல்லலாம் சார். நான் வாங்கின அட்வான்ஸை வீட்டு வாடகைக்குக் கட்டிட்டேனே."

மறுக்கிற உரிமைக்கும் ஒரு விலை உண்டு என்பது, பிறருக்கு வீரம் உபதேசிக்கும்போது நமக்கு ஏனோ மறந்துபோகிறது. நானே அதைச் செலுத்தியவன் அல்லன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி இறக்கிறாள். ஆசிரியர் அவளைப் பிழைக்க வைக்கச் சொன்னார், வைத்தேன். பிறகு எத்தனையோ மேடைகளில், என் கதையைக் கெடுத்தவர் அவர்தான் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அது பொய். அவளை என்ன செய்வதென்று தெரியாமல்தான் நான் கொன்றேன். எங்கோ வலிக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். அவர் சொன்ன மருந்து தவறு, வலி உண்மை. வேறு மருந்து தேடியிருக்க வேண்டியவன் நான். அந்த உழைப்புக்குச் சோம்பி, சொன்னதைச் செய்துவிட்டு, பழியை அவர் தலையில் போட்டேன்.

இந்த ஞாபகம் உறுத்தியதால், தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அணை, துரை, அருவி, அப்பா. இதில் எதை விட்டால் உனக்குத் தூக்கம் வராது?"

வெகுநேரம் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி" என்றார்.

சித்திரக்காரர் பென்சிலை எடுத்தார். கொத்தின் அடியில் ஒரு கோடு. இடப்பக்கம் போய், சட்டென்று வளைந்து, வலப்பக்கம் திரும்பிற்று. மேற்கே போன ஆறு கிழக்கே திரும்புகிறது! நண்பருக்குக் கண் கலங்கிவிட்டது. வழக்கு முடிந்ததென்று நான் ஊருக்குத் திரும்பினேன்.

முடியவில்லை. மறு ஆண்டு அவரைப் பார்த்தபோது மனம் நொந்திருந்தார். மார்க்கெட்டில் அவர் பெட்டிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கேட்டு வாங்கவும் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் 'கொக்கிப் பெட்டி'! "பெரியாத்தைப் போய்க் கொக்கிங்கிறானே!" என்றார்.

சுமை தூக்குகிறவர் தோளில் எப்போதும் தொங்குவது கொக்கி. அவர் கண்ணுக்கு அது ஆறாகத் தெரியாததில் என்ன தப்பு? நம் அரசுச் சின்னத்தின் கோபுரத்தை 1949-இல் வரைந்தவர் மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ண ராவ். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பலர் சாதிக்கிறார்கள். இல்லை, மீனாட்சி கோயிலின் மேலைக் கோபுரம் என்பவர்களும் விடுவதாயில்லை. அவரவர் கண் அவரவர் ஊருக்குத்தான் போகிறது. வரைந்தவருக்கும் வரையச் சொன்னவருக்கும் அதற்குமேல் அங்கே அதிகாரம் இல்லை. இதை எல்லாம் நண்பரிடம் விளக்கினேன். பாதி சமாதானமானார் என்று நினைக்கிறேன். மறுபடி அச்சடித்தபோது கோட்டை மாற்றவில்லை.

பெட்டி கட்டுகிற கொட்டகைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். பெட்டியில் இடம் கிடைக்காத பென்னிகுயிக் துரை அங்கே சுவரில் பெரிதாக வீற்றிருந்தார். அன்று பறித்த சாமந்தி மாலை.

"சித்திரக்காரத் தம்பிக்கு மீதிப் பணம் கொடுத்தாயிற்றா?" என்று கேட்டேன்.

"அடுத்த அறுப்பு முடியட்டும்ப்பா" என்றார்.

கம்பத்தில் திராட்சை அறுப்பு ஆண்டு முழுவதும் நடக்கிறது.