அந்தப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்து எங்கே?

 

போன ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகலை. நம்ம குடும்பங்களில் பலருக்கு இது இன்னைக்கோ நாளைக்கோ வரப்போற விஷயம் என்பதால் எழுதறேன்.

கோயம்புத்தூருக்கு மேற்கே ஒரு முதியோர் இல்லத்தில் என் அம்மா இருக்காங்க. வயசு 81. இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆன பிறகு, மூணாவது மாடியில் இருக்கிற எங்க வீட்டில் அவங்களை வச்சுப் பார்க்க முடியலை. (முடியலை என்பதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு சாக்கு என்று முருகனுக்குத்தான் தெரியும். அதைத் தனியா ஒருநாள் எழுதணும்.) அந்த இல்லத்தைத் தேர்ந்தெடுத்ததுக்கு ஒரே காரணம், மாடி வராந்தாவில் உட்கார்ந்தா ராத்திரி மருதமலை விளக்கு தெரியும்.

ஒருநாள் மேனேஜர் போன் பண்ணினார். "சார், பாட்டி கோ-ஆபரேட் பண்ண மாட்டேங்கறாங்க. ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

விஷயம் இதுதான். அம்மா விடியக்காலை நாலரைக்கு எழுந்து, நான் வாங்கிக் கொடுத்த பாட்டுப் பெட்டியில் கந்த சஷ்டி கவசம் போடுவாங்க. காது கொஞ்சம் மந்தம், அதனால சத்தமாத்தான் வைப்பாங்க. அதே ரூமில் இருக்கிற ரிட்டயர்டு டீச்சரம்மா தூங்க முடியலைன்னு புகார் சொன்னாங்க. இல்லத்துக்காரங்க பெட்டியை எடுத்து ஆபீஸ் பீரோவில் வச்சுப் பூட்டிட்டாங்க.

நான் போய், எல்லா மகன்களும் சொல்றதைத்தான் சொன்னேன். "அம்மா, நாலு பேர் இருக்கிற இடம். அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

அம்மா என்னையே பார்த்தாங்க. "பொட்டிய எடுத்தது சரின்னே வச்சுக்க கண்ணு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணுமல்ல? உங்கிட்ட கேட்டாங்களாமா, நீயும் சரின்னயாமா. பொட்டி ஆருது?"

உண்மைதான். பஸ் ஸ்டாண்டில் நின்னுக்கிட்டு, "சரிங்க சார், நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லியிருக்கேன். யோசிச்சா இதே மாதிரி எத்தனையோ 'சரி' சொல்லியிருக்கேன். லிஃப்ட் ரிப்பேர் என்று அம்மாவைக் கீழ் ரூமுக்கு மாத்தினப்ப ஒரு சரி. மலை விளக்கு அதோடு போச்சு. வாக்கர் பிடிச்சுத் தானே பாத்ரூம் போகக்கூடிய அம்மாவுக்கு, ராத்திரி ஆள் குறைச்சல் என்று டயப்பர் போட ஆரம்பிச்சப்பவும் ஒரு சரி. அன்னைக்குத்தான் ஆபீஸில் சேர்க்கைப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். 'பொறுப்பாளர் கையொப்பம்' என்று மூணு இடம். மூணிலும் என் கையெழுத்து. அங்கே தங்கப்போறவங்க கையெழுத்துப் போட இடமே இல்லை.

நம்ம நாட்டில் 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. கவனிக்காத பிள்ளைகள் மேல கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம், மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு வாங்கலாம். கவனிச்சுக்கணும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்கலைன்னா ரத்து பண்ணக் கேட்கலாம். பெற்றவங்களைக் கைவிட்டா 3 மாசம் வரை சிறை, இல்லைன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் விதிக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனா படிச்சுப் பாருங்க, முக்கால்வாசி பிள்ளைகள் என்ன செய்யணும் என்பதைப் பத்தித்தான். இல்லத்துக்குள்ள போயிட்ட ஒருத்தருக்கு அங்கே என்னென்ன உரிமை என்று அது பட்டியல் போடலை.

அமெரிக்காவில் 1987-ல் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தப்ப அதைத்தான் எழுதி வச்சாங்க. இல்லத்தின் வசதிக்காகக் கட்டிப் போடக்கூடாது, மயக்க மருந்து கொடுக்கக்கூடாது. தன் டாக்டரைத் தானே தேர்ந்தெடுக்கலாம், சிகிச்சை வேண்டாம் என்றும் சொல்லலாம். பயமில்லாம புகார் சொல்லலாம். ரூமையோ ரூமில் கூட இருப்பவரையோ மாத்தறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தகவல் சொல்லணும். இந்தக் கடைசி வரியைப் படிச்சப்பதான் மருதமலை விளக்கு ஞாபகம் வந்து எனக்குச் சுருக்குன்னுது. இங்கே நமக்கு 14567 என்று மூத்த குடிமக்கள் உதவி எண் இருக்கு. உங்க வீட்டுப் பெரியவங்க போனில் பதிஞ்சு வையுங்க.

உடனே நான் மறுபக்கம் சாய்ஞ்சேன். மேனேஜர்கிட்டப் போய், "கவசம் கேட்கறது எங்கம்மா உரிமை, பெட்டியைக் கொடுங்க" என்று சத்தம் போட்டேன். பின்னாடியே அந்த டீச்சரம்மா வந்து நின்னாங்க. "தம்பி, எனக்கு மூட்டு வலி. ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்குத்தான் கண்ணசர்றேன். நாலரைக்கு எழுப்பிட்டா அன்னைக்கு முழுக்கத் தலை நிக்காது. நானும் முருகனைக் கும்பிடறவதான்."

எனக்குப் பேச்சு வரலை. அம்மா அந்த நேரத்தில் சினிமாப் பாட்டுப் போட்டிருந்தா, யார் பக்கம் நியாயம் என்று ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். கவசம் என்பதால தயங்கினேன். சாமி பேர் சொன்னா பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவங்க தூக்கம் நமக்குச் சொந்தமாயிடுமா? நீங்களே சொல்லுங்க.

நான் முக்கியமா நினைக்கிறது வேற. டீச்சரம்மாவுக்கு மூட்டு வலி என்பதை அம்மாகிட்ட யாருமே சொல்லலை. புகார் மேனேஜருக்குப் போச்சு, மேனேஜர் எனக்குச் சொன்னார், நான் சரி என்றேன். அம்மா ஏதோ குழந்தை மாதிரி. பொம்மையைப் பிடுங்கற மாதிரி பெட்டியைப் பிடுங்கியாச்சு. குழந்தைக்கு உரிமையும் நாமளா கொடுக்கறது, கடமையும் நாமளா மன்னிக்கறது. பெரியவங்களை அப்படி நடத்தும்போது ரெண்டையும் சேர்த்துப் பறிச்சுடறோம். 'வயசாயிடுச்சு, அவங்ககிட்ட என்னத்தைச் சொல்றது' என்பதைப் பரிவு என்று நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப அதில் ஒரு அலட்சியம் இருக்கிறதாத் தோணுது.

நினைவு முழுசாத் தவறினவங்க விஷயம் வேற, அங்கே யாராவது அவங்களுக்காக யோசிச்சுத்தான் ஆகணும். ஆனா புத்தி தெளிவா இருக்கிறவங்களுக்கும் கடமை உண்டு. அதே இல்லத்தில் ஒரு பெரியவர், தன்னைக் குளிப்பாட்ட வர்ற பையனிடம் "நீ என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார். மாசாமாசம் அவர் கட்டற பணம் அந்தக் கேள்வியை வாங்கித் தராது. அதை வயசு என்று மன்னிக்க எனக்கு மனசு வரலை. எங்கம்மாவும் சுத்தம் இல்லை. ராத்திரி டியூட்டிப் பொண்ணை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவாங்க. அந்தப் பொண்ணு பேர் என்னன்னு நான் கேட்டப்ப அம்மாவுக்குத் தெரியலை. அவங்களைப் பேர் சொல்லாம எல்லோரும் 'பாட்டி' என்று கூப்பிடறதில் மட்டும் பயங்கரக் கோபம்!

ரெண்டு பேரையும் வராந்தாவில் உட்கார வச்சேன். அரை மணி நேரம்கூட ஆகலை. "அக்கா, எனக்கு வலி இப்படி" என்று டீச்சரம்மா சொல்லச் சொல்ல, அம்மா முகம் மாறிடுச்சு. "இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பனே. கவசம் எனக்கு மனப்பாடம், பொட்டி சும்மா தொணைக்குத்தான்." ஆறு மணி வரைக்கும் வாய்க்குள்ள, ஆறுக்கு மேல வராந்தாவில் பெட்டி என்று அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. டீச்சரம்மா ராத்திரி பதினோரு மணி வரை லைட் போட்டுப் படிக்கறதைப் பத்தி அம்மாவுக்கும் ஒரு குறை இருந்திருக்கு. அதுவும் அங்கேயே தீர்ந்தது.

விரதம்தான் தீரலை. அம்மாவுக்குச் சுகர் மாத்திரை உண்டு. "ஏதாவது ஆச்சுன்னா நாங்கதான் பதில் சொல்லணும்" என்றார் மேனேஜர். அவர் பயத்தைத் தப்பு சொல்ல முடியாது. டாக்டர் வந்தார். ஆறு நாள் வேண்டாம், சூரசம்ஹாரத்தன்னைக்கு மட்டும் பால் பழத்தோட இருக்கலாம் என்று மாத்திரையை மாத்திக் கொடுத்தார். அம்மா ஒத்துக்கிட்டாங்க. "ஏதாச்சும் ஆனா ஆவட்டும்னு நான் சொல்லல கண்ணு. எதுவானாலும் எங்கிட்டப் பேசுங்கன்னுதான் சொல்றேன்."

அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குச் சுகர் இறங்கிடுச்சு. அம்மாவே ஜூஸ் கேட்டு வாங்கிக் குடிச்சு, விரதத்தை முடிச்சுக்கிட்டாங்க. மேனேஜர் போனில், "பார்த்தீங்களா சார்?" என்றார். நான் செஞ்சது சரியா என்று அந்த ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்னும்கூட அடிச்சுச் சொல்ல முடியலை. மறுநாள் போனப்ப அம்மா தெம்பாத்தான் இருந்தாங்க. அடுத்த வருஷத்துக்கு என்ன மாத்திரை என்று இப்பவே டாக்டர்கிட்டக் கேட்கச் சொன்னாங்க.

தை மாசம் படிவம் புதுப்பிக்க வந்தது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் பேனாவால ஒரு கோடு போட்டு, கீழே 'தங்கியிருப்பவர்' என்று எழுதி அம்மாகிட்டக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் படிச்சாங்க. டயப்பர் வரியை அடிச்சாங்க. அடியில், நடுங்கற எழுத்தில், 'மலை தெரியற ரூம் காலியானால் சொல்லணும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.

மேனேஜர் வாங்கிப் படிச்சுட்டு, "மாடி ரூம் இப்ப காலி இல்லையே பாட்டி" என்றார்.

"காலியானான்னுதான எழுதியிருக்கறேன்" என்றாங்க அம்மா.