நினைவு சாட்சியாகுமா?

'கண்ணால் கண்டேன், நன்றாக நினைவிருக்கிறது' என்று ஒருவர் கூறிவிட்டால் அதற்குமேல் விவாதமில்லை என்று உலகம் கருதுகிறது. பாரதத்தின் தர்க்க சாஸ்திரமோ நினைவுக்கு அவ்வளவு உயர்ந்த ஆசனம் அளிக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் 'தர்க்க சங்கிரகம்' இயற்றிய அன்னம்பட்டர், அறிவை அனுபவம், ஸ்மிருதி என இரண்டாகப் பிரிக்கிறார். முந்தைய அனுபவம் விட்டுச்சென்ற சம்ஸ்காரத்திலிருந்து மட்டுமே பிறப்பது ஸ்மிருதி. அதில் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு. பிரத்யட்சம், அனுமானம் முதலிய பிரமாணங்களின் வரிசையில் அதற்கு இடமில்லை.

இதன் ஆழத்தை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1984-இல் வட கரோலினா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் கல்லூரி மாணவி ஒருவர், வீடு புகுந்த கயவனால் கொடுமைக்கு ஆளானார். அவ்வேதனையிலும் அவனது முகத்தை மனத்தில் பதித்துக்கொள்ள முயன்றார். போலீசார் காட்டிய புகைப்படங்களுள் ரொனால்டு காட்டன் என்ற இளைஞரின் படத்தைச் சுட்டினார். பின்னர் நேரில் நிறுத்தப்பட்ட வரிசையிலும் அவரையே சுட்டினார். படங்களிலும் வரிசையிலும் இடம்பெற்றிருந்தவர் காட்டன் ஒருவரே. 1985-இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1987-இல் நடந்த மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளியே எதிரில் நிறுத்தப்பட்டபோது, அவனை முன்பின் கண்டதில்லை என்றார் அப்பெண். 1995-இல் டி.என்.ஏ. சோதனை உண்மையை வெளிப்படுத்தியது. பத்தாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த காட்டன் விடுதலையானார்.

அப்பெண் பொய் சொல்லவில்லை. நினைவு கல்வெட்டன்று, நினைக்கும் ஒவ்வொரு முறையும் மனம் அதைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறது. அக்கட்டுமானத்தில் பிறர் சொல்லும், பின்னர் கண்ட படமும் கலந்துவிடுகின்றன. எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியலாளர்கள் 1974-இல் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படமொன்றைக் காட்டினர். 'கார்கள் மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்களைவிட, 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்களுள் அதிகமானோர், உடைந்த கண்ணாடியைக் கண்டதாக ஒரு வாரம் கழித்துக் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை!

அப்படியானால் சத்திய விரதத்தின் நிலை என்ன? நினைவில் உள்ளதை மறைக்காமல் சொல்வது சத்தியத்தின் முதற்படி மட்டுமே. கண்டது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்தறிந்து சொல்வது அடுத்த படி. மனத்தில் எழும் உறுதி உண்மைக்கு அளவுகோலாகாது. நினைவை அறவே நம்பலாகாது என்பதன்று இதன் பொருள். நினைவின்றி நன்றியுணர்வு இல்லை, வாக்குறுதி இல்லை, கல்வியும் இல்லை. ஒருவன் தன் நினைவைக்கொண்டு பிறரைக் குற்றவாளியாக்கும் இடத்தில்தான் கூடுதல் விழிப்பு வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் சொன்ன ஒரு சொல்லுக்காக முகம் பாராதிருக்கும் உடன்பிறந்தோர் எத்தனை பேர்! அச்சொல் அப்படியேதான் சொல்லப்பட்டதா என்று இருவரும் ஒருமுறை ஐயுறலாம் அல்லவா?

விடுதலைக்குப்பின் அப்பெண் காட்டனைச் சந்தித்து மன்னிப்புக் கோரினார்; அவர் மன்னித்தார். இருவரும் நண்பர்களாகி, 2009-இல் தங்கள் அனுபவத்தை நூலாக வெளியிட்டனர். இதற்கிடையில் 2007-இல் வட கரோலினா, அடையாள அணிவகுப்பை நடத்துபவர் சந்தேகத்திற்குரியவர் யாரென்று அறியாதவராக இருக்க வேண்டும் என்று சட்டமியற்றியது. நீதிமன்றத்திற்கு வேண்டிய அந்த எச்சரிக்கை இல்லறத்திற்கும் பொருந்தும். பிறர்மீது பழி சொல்ல நா எழும்போது, 'எனக்கு இப்படி நினைவு' என்று தொடங்குபவன், எதிரிலிருப்பவர் தம் தரப்பைச் சொல்ல இடம் விடுகிறான்.