வயிற்றுப்புண்ணும் நோன்பும்

நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்று சொல்லாத வீடு குறைவு. ஆனால் பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும்தான். அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்ததற்காக பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். நோன்பின் மேல் பழி போட இடமில்லை. இருக்கும் புண்ணுக்கு வைத்தியம் பார்க்காமல் நோன்பைத் தொடரலாமா என்பதே கேள்வி.

முன்சிறுகுடலின் பின்சுவரில் உள்ள புண் ஆழமானால், அருகே ஓடும் தமனியை அரித்துவிடும். ரத்தம் வாந்தியில் காப்பித்தூள் நிறத்தில் வரும், அல்லது மலம் கன்னங்கரேலென்று போகும். முன்சுவரில் ஓட்டை விழுந்தால் அமிலமும் உணவும் வயிற்றறைக்குள் கொட்டி, வயிறு கல்லாக இறுகும். அவசர சிகிச்சை தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆறி ஆறித் தழும்பேறிய புண் இரைப்பையின் வெளிவாயை அடைப்பதும் உண்டு. முதியவர்களுக்கும் வலி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் முன்கூட்டி வலியே இல்லாமல் ரத்தம் கசியலாம். ஆகவே 'தாங்க முடிகிறது' என்பது இங்கே அளவுகோல் ஆகாது.

நோயாளிக்குச் சமயங்களே விலக்கு தருகின்றன. நோயாளி பிறகு நோற்கலாம், நோற்கவே இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்கிறது இஸ்லாம். கத்தோலிக்கத் திருச்சபையின் உண்ணாநோன்பு விதி 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கே. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. கந்த சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் பாலும் பழமும் உண்ணும் வழக்கம் இருக்கிறது. ஆனால் சுவாமியிடம் தானே நேர்ந்துகொண்டவருக்கு விலக்கு தர வேறு ஆள் இல்லை. அப்படி நேர்ந்துகொண்ட நோன்பை விடுவதுதான் மிகக் கடினம்.

நோயாளி உண்ணலாமா என்பதில் யார் சொல் செல்லும் என்பதை யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூத் கூர்மையாக ஆராய்ந்திருக்கிறது. யோம் கிப்பூர் நோன்பன்று உணவு வேண்டும் என்று நோயாளி சொன்னால், வேண்டாம் என்று மருத்துவர் சொன்னாலும் நோயாளியின் சொல்லே செல்லும். நோயாளி வேண்டாம் என்று சொல்லி, மருத்துவர் வேண்டும் என்றால் மருத்துவர் சொல்லே செல்லும். நோயின் மயக்கம் அவர் அறிவை மறைத்திருக்கலாம் என்பது காரணம். இரண்டு தீர்ப்பும் உண்ணும் பக்கமே சாய்கின்றன. சத்தமின்றிக் கசியும் புண்ணுக்கு இரண்டாவது தீர்ப்பு அப்படியே பொருந்தும். மலம் கறுத்துப் போனால் நோன்பை அப்போதே முடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.