அமீர் எங்கே நடக்க வேண்டும்?

எங்கள் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கல்லூரியில் சுற்றுலாத் துறைப் படிப்பை முடித்துவிட்டு, ஹஜ், உம்ராப் பயணங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்திருக்கிறார். முதல் காஃபிலாவை அழைத்துச் செல்லும் முன், துஆச் செய்யும்படி கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தடித்த ஃபைல் இருந்தது. நிறுவனத்தில் மூன்று நாள் தலைமைப் பயிற்சி கொடுத்தார்களாம். விமான நிலையத்தில் எங்கே நிற்பது, கூட்டத்தில் கொடியை எப்படி உயர்த்திப் பிடிப்பது, கோபப்படும் பயணியிடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது.

"சாச்சா, இதையெல்லாம் படிச்சா ஒருத்தன் தலைவனாயிட முடியுமா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லும் முன்பே, அவர் மனத்தை உறுத்திக்கொண்டிருந்த இன்னொரு கேள்வியும் வந்தது.

"அம்பது பேரைக் கூட்டிக்கிட்டுப் போறேன். நாப்பத்தொம்பது பேர் பஸ்ஸுல ஏறியாச்சு. வயசான அம்மா ஒருத்தரை மட்டும் காணோம். நேரம் போய்க்கிட்டே இருக்கு. உள்ளே இருக்கறவங்க சத்தம் போடறாங்க. நான் என்ன செய்யணும்? இந்த ஃபைல்ல அதுக்குப் பதில் இல்லையே!"

"தம்பி, யோசிச்சுச் சொல்றேன்" என்று கூறி, துஆச் செய்து அனுப்பிவைத்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இது அவருக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. வாப்பாவையும் உம்மாவையும் ஒரு வழிகாட்டியை நம்பிப் புனிதப் பயணம் அனுப்பிவைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய கேள்வி.

பயணமும் தலைமையும்

மூன்று பேர் பயணம் புறப்பட்டாலும் அவர்களில் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. மூன்றே பேருக்கு ஒரு தலைவர் எதற்கு என்று தோன்றலாம். எந்த வழியில் போவது, எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது என்பதில் மூவருக்கும் மூன்று கருத்து இருக்கும். வீட்டிலிருந்தால் அவரவர் கருத்தோடு அவரவர் இருந்துகொள்ளலாம். பாலைவனத்தில் அப்படி இருந்தால் மூவரும் மூன்று திசையில் போய் மடிய வேண்டியதுதான். எனவே முடிவு ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் ஹஜ்ஜுக்குச் சென்ற முஸ்லிம்களுக்கு ஹழ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களை அண்ணல் நபியவர்கள் அமீராக நியமித்து அனுப்பினார்கள். அன்று தொடங்கிய அந்தப் பொறுப்பு, 'அமீருல் ஹஜ்' என்ற பெயரில் பல நூற்றாண்டுகள் நீடித்தது. டமாஸ்கஸிலிருந்தும் கெய்ரோவிலிருந்தும் புறப்பட்ட பெரும் காஃபிலாக்கள் அத்தகைய அமீர்களின் பொறுப்பிலேயே சென்றன.

அந்த அமீருக்குப் பயிற்சி நூல் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றே சொல்ல வேண்டும். கி.பி. 1058-ல் மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள் தமது 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் ஆட்சியியல் நூலில் ஹஜ் தலைமைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். பயணத்தை நடத்திச் செல்லும் அமீருக்குப் பத்துக் கடமைகளை வரிசைப்படுத்துகிறார்கள். மக்களைச் சிதறாமல் ஒன்றுசேர்த்து வைப்பது, ஒவ்வொரு குழுவுக்கும் நடையிலும் தங்குமிடத்திலும் உரிய இடத்தைக் குறித்துக் கொடுப்பது, பலவீனர் உடன்வர இயலும் அளவுக்கு மெதுவாகச் செல்வது, தெளிவான வழியைத் தேர்ந்தெடுப்பது, தண்ணீருக்கும் தீவனத்துக்கும் வழி தேடுவது, தங்கும்போது காவல் காப்பது, வழிமறிப்போரைத் தடுப்பது, சச்சரவிடுவோரைச் சமாதானம் செய்வது, மோசம் செய்வோரைத் திருத்துவது, கடைசியாக, ஹஜ் தவறிவிடாமல் காலத்தைக் கண்காணிப்பது. ஹஜ் முடிந்த பிறகும் மக்களை அவசரப்படுத்தாமல், அவர்களுடைய தேவைகளை முடித்துக்கொள்ளச் சில நாள் அவகாசம் தரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

என் தம்பி கொண்டுவந்த ஃபைலில் இருந்தவை ஏறக்குறைய இவைதாம். தீவனத்துக்குப் பதில் சாப்பாட்டு ஏற்பாடு. ஒட்டகத்துக்குப் பதில் பஸ். அவ்வளவுதான் வேறுபாடு!

கற்றுக்கொடுக்க முடிவதும் முடியாததும்

அப்படியானால் தலைமையைக் கற்றுக்கொடுக்க முடியும் என்றுதானே பொருள்? ஒரு பாதியைக் கற்றுக்கொடுக்க முடியும். கற்றே தீரவும் வேண்டும். "நான் அல்லாஹ்வுக்காகச் செய்கிறேன், எனக்குப் பயிற்சி எதற்கு?" என்று சிலர் சொல்வதுண்டு. இது பணிவு அல்ல, பொறுப்பின்மை. நிய்யத் தூய்மையாக இருக்கிறது என்பதற்காக, வெயிலில் மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி செய்யத் தெரியாதவரிடம் ஐம்பது உயிர்களை ஒப்படைக்கலாமா?

2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜை நினைத்துப் பாருங்கள். மக்காவின் ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அவ்வாண்டு 1,301 பேர் மரணமடைந்ததாகவும், அவர்களில் 83 சதவீதத்தினர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. ஹஜ் விஸா இல்லாமல் வேறு விஸாவில் ஆட்களை அழைத்துச் சென்றதற்காக 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை எகிப்து அரசு ரத்துச் செய்தது. அந்த ஏழைகளிடம் பணம் வாங்கியவர்களுக்கு வழி தெரியாமலா இருந்தது? நன்றாகவே தெரிந்திருக்கும். தெரிந்த வழியில் அமானத் இல்லை. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இதற்கு முன்னும் ஒரு சம்பவம் உண்டு. 1880-ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் 900-க்கும் மேற்பட்ட ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு ஒரு நீராவிக் கப்பல் புறப்பட்டது. கப்பலின் பெயரே 'ஜித்தா'. ஆகஸ்ட் மாதம் புயலில் சிக்கிக் கொதிகலன்கள் இடம்பெயர்ந்தன; கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தது. கேப்டன் தம் மனைவியோடும் அதிகாரிகளோடும் படகில் இறங்கிப் போய்விட்டார். வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றி ஏடன் துறைமுகத்தில் சேர்த்தது. பயணிகளோடு கப்பல் மூழ்கிவிட்டது என்று அங்கே அவர்கள் அறிவித்தார்கள். மறுநாள் அதே துறைமுகத்துக்கு அந்த 'ஜித்தா' கப்பல், ஹாஜிகளோடு, இன்னொரு கப்பலால் இழுத்துவரப்பட்டு வந்து நின்றது! விசாரணை நடந்து, கேப்டனின் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

அந்தக் கேப்டன் பயிற்சி இல்லாதவரா? சான்றிதழ் பெற்றவர், கடலை அறிந்தவர். 'இந்த மக்கள் என் பொறுப்பு. இவர்களை விட்டுவிட்டு எனக்கு ஓர் உயிர் இல்லை' என்ற எண்ணம் ஒன்றுதான் அவரிடம் இல்லாமற் போயிற்று. எந்தப் பயிற்சி முகாமும் அதைத் தர முடியாது. அது இறையச்சத்திலிருந்து பிறக்க வேண்டும். இல்லையேல் மனிதருக்கு மனிதர் படும் வெட்கத்திலிருந்தாவது பிறக்க வேண்டும்.

பின்னால் வருபவர்

இனி அந்த வயதான அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

இமாம் மாவர்தீ சொன்ன பத்துக் கடமைகளில் இரண்டு ஒன்றோடொன்று மோதுவதைக் கவனித்தீர்களா? பலவீனருக்காக மெதுவாகச் செல்ல வேண்டும். அதே சமயம் காலம் தவறவும் கூடாது. மெதுவாகப் போனால் நேரம் தவறும். நேரத்தைப் பார்த்தால் பலவீனர் தவறுவார். அமீர் எதை விடுவது?

பெருமானார் (ஸல்) அவர்களின் பயணங்களைப் பார்த்தால் இதற்கு மூன்று பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, அமீர் இருக்கும் இடம். பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பின்தங்கி வந்து, தளர்ந்தவரை ஊக்கி நடத்துவார்கள். நடக்க இயலாதவரைத் தம் வாகனத்தில் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள் என்று ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். கொடி பிடிப்பவர் முன்னே போகட்டும். அமீரின் கண் பின்னே இருக்க வேண்டும். கூட்டத்தின் வேகத்தை முன்னே நடக்கும் வாலிபரைக் கொண்டு கணக்கிடுபவருக்குக் கடைசியில் வரும் மூதாட்டி தெரியவே மாட்டார்.

இரண்டாவது, எண்ணிப் பார்ப்பது. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தவறிய கழுத்து மாலையைத் தேடிச் சென்றிருந்தார்கள். அவர்கள் உள்ளே இருப்பதாக எண்ணிப் பல்லக்கைத் தூக்கி ஒட்டகத்தில் வைத்தார்கள் பணியாளர்கள். அன்னையார் மெலிந்த உடலினர் ஆதலால் எடைக் குறைவு தெரியவில்லை. படை புறப்பட்டுவிட்டது. அந்தப் பணியாளர்கள் கெட்டவர்கள் அல்லர். 'இருப்பார்கள்' என்று எண்ணினார்கள், பார்க்கவில்லை. அந்த ஒரு சிறு கவனக்குறைவைச் சாக்காக வைத்து நயவஞ்சகர்கள் எத்தனை பெரிய அவதூற்றைக் கிளப்பினார்கள் என்பதையும், அல்லாஹ் தன் வேதத்தில் அன்னையாரின் தூய்மையை அறிவித்ததையும் நாம் அறிவோம். படைக்குப் பின்னால் வந்த ஹழ்ரத் ஸஃப்வான் (ரலி) அன்னையாரைக் கண்டு, தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் நடந்தே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆக, பஸ் நகரும் முன் தலைகளை எண்ணுவது வெறும் அலுவல் நடைமுறை அல்ல. அமானத்தின் ஒரு பகுதி. எண்ணிய பிறகும் பின்னால் ஒருவர் வரவேண்டும்.

மூன்றாவது, பலவீனரை முன்கூட்டியே அனுப்புவது. முஸ்தலிஃபா இரவில், விரைந்து நடக்க இயலாத அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள், கூட்ட நெரிசலுக்கு முன்பே புறப்பட அனுமதி கேட்டார்கள்; பெருமானார் (ஸல்) அனுமதித்தார்கள். தம் குடும்பத்துப் பலவீனரையும் அவ்வாறே இரவில் முன்னே அனுப்பினார்கள். பாருங்கள்! பலவீனருக்காக எல்லாரும் தாமதிக்கவும் இல்லை. எல்லாருக்காகவும் பலவீனர் விடப்படவும் இல்லை. பலவீனர் முதலில் புறப்பட்டார்கள். மோதல் எழுந்த பிறகு தீர்ப்புச் சொல்பவரைவிட, மோதல் எழாதபடி இரவிலேயே ஏற்பாடு செய்பவரே நல்ல அமீர்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்த அம்மாவைக் காணவில்லை என்றால்? அப்போது இரண்டு நிலைகள் உண்டு. போகும் இடம் அரஃபாவாக இருந்தால், காலம் தவறினால் எல்லாருடைய ஹஜ்ஜும் தவறும். ஒருவருக்காக நாற்பத்தொன்பது பேரின் ஹஜ்ஜை இழக்கச் செய்ய அமீருக்கு உரிமையில்லை. அவர்களை நம்பிக்கையான ஒரு துணைவரோடு அனுப்பிவிட்டு, தாம் தங்கித் தேட வேண்டும். அரஃபாவின் நேரம் பத்தாம் நாள் வைகறை வரை இருக்கிறது. அந்த அம்மாவையும் கொண்டுபோய்ச் சேர்க்க முயல வேண்டும். "அமீர் தங்கிவிட்டால் மற்றவர்களை யார் பார்ப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தமக்குப் பதில் நிற்க ஒருவரை முன்பே பழக்காத அமீர், அந்த நாளில் அல்ல, புறப்பட்ட நாளிலேயே தவறிவிட்டார் என்பதுதான் அதற்குப் பதில்.

ஆனால், நம்முடைய அவசரங்களில் பெரும்பாலானவை அரஃபா அல்ல. ஹோட்டலில் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும், கடை மூடிவிடும், முன் இருக்கை போய்விடும் என்பவைதாம். இவற்றுக்காக ஒரு தாயைத் தெரியாத ஊரில் தெருவில் நிறுத்திவிட்டுப் போவதா? அங்கே பஸ் நிற்கத்தான் வேண்டும். உள்ளே சத்தம் போடுவோருக்கு அமீர் அமைதியாக ஒன்று சொல்லலாம்: "உங்களில் யார் தொலைந்தாலும் இப்படித்தான் நிற்பேன்."

கூலியும் கித்மத்தும்

சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது கித்மத் ஆகுமா என்று சிலர் ஐயுறுவர். ஹஜ்ஜின்போது இறைவனின் அருளாகிய சம்பாத்தியத்தைத் தேடுவது குற்றமில்லை என்று அல்பகரா சூராவின் 198-ஆம் ஆயத்து இடம் தருகிறது. ஹலாலான கூலி கித்மத்தைக் கெடுக்காது. கூலிக்கு உரிய வேலை முடிந்ததும் பொறுப்பும் முடிந்தது என்ற எண்ணமே அதைக் கெடுக்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். அபூ அலீ ரிபாதீ என்பவரும் அப்துல்லாஹ் மர்வஸீ என்பவரும் பயணம் புறப்பட்டார்கள். அமீர் நீரா நானா என்று பேச்சு வந்தது, மர்வஸீ அமீரானார். உடனே மூட்டை முடிச்சுகளைத் தம் முதுகில் ஏற்றிக்கொண்டார். இரவில் மழை கொட்டியது. விடியும்வரை நண்பரின் தலைக்கு மேல் போர்வையைப் பிடித்தபடி நின்றார். நண்பர் தடுத்தபோதெல்லாம், "நான் அமீர், நீர் கீழ்ப்படிய வேண்டியவர்" என்பதே பதில். 'அமீர் நீர்தாம் என்று சொன்னதைவிட நான் இறந்திருக்கலாமே' என்று அந்த நண்பர் நாணிப்போனாராம்! அதிகாரத்தை அவர் கேட்டு வாங்கியது, மழையில் நனையும் உரிமை தம்முடையதாக இருக்கட்டும் என்பதற்காகத்தான்.

நம் நாட்டு ஹாஜிகளுடன் அரசு அனுப்பும் உதவியாளர்களைப் பல ஆண்டுகள் 'காதிமுல் ஹுஜ்ஜாஜ்', அதாவது ஹாஜிகளின் ஊழியர் என்று அழைத்தோம். 2025-லிருந்து 'மாநில ஹஜ் இன்ஸ்பெக்டர்' என்ற பெயர் வந்திருக்கிறது. பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அந்தப் பழைய பெயரின் பொருள் மட்டும் உள்ளத்தை விட்டுப் போய்விடக் கூடாது.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். பெற்றோரை அனுப்பும்போது எவ்வளவு ரூபாய், ஹரமுக்கு எத்தனை மீட்டர் என்று விசாரிக்கிறோம். "நடக்க முடியாதவர் பின்தங்கினால் உங்கள் காஃபிலாவில் யார் நிற்பார்?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் பெற்றவர்களை ஒப்படைக்காதீர்கள்.

தம்பி! அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; நன்றாகப் படியுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் உங்கள் கையாலேயே ஒரு வரியை எழுதிக்கொள்ளுங்கள்: 'நான் கடைசியாக ஏறுவேன்.'

பயணம் செய்வோரையும், அவர்களை அழைத்துச் செல்வோரையும் வல்ல ரஹ்மான் பாதுகாப்பானாக! ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொருவரையும் எண்ணிக் குறையாமல் வீடு கொண்டுவந்து சேர்க்கும் தவ்ஃபீக்கை அவர்களுக்கு அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.